முதியோர் இல்லம் பார்க்கப் போகிறீர்களா? எழுந்து நடக்க முடியாதவர்களை முதலில் பாருங்கள்

முதுமை நலம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதியோர் இல்லம் பற்றித்தான். எது நல்ல இல்லம், பெயர் சொல்லுங்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பொறுப்பான நர்ஸ் ஒருவர் வேலையை விட்டுப் போனாலே நன்றாக நடந்துகொண்டிருந்த இடம் சில மாதங்களில் தலைகீழாகிவிடும், அதை நம்பி நீங்கள் பெற்றவரைக் கொண்டுபோய் விடக் கூடாது. எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, கும்பகோணத்தில் தனியாக இருந்தார். பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், ஆனால் மறதி கூடிக்கொண்டே போகிறது, அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார். நானும் கணவரும் பெங்களூரில் வேலைக்குப் போகிறோம், அண்ணன் அமெரிக்காவில். கோயம்புத்தூர் பக்கம் மூன்று இல்லங்களைப் பார்த்துவிட்டோம். மூன்றும் பளிச்சென்று இருக்கின்றன, எல்லா இடத்திலும் இனிமையாகப் பேசுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? கூகுளில் எத்தனை நட்சத்திரம் என்று பார் என்கிறார் அண்ணன்.
(வாசகி, பெங்களூரு)

பதில்: நட்சத்திரத்தை ஒதுக்கி வையுங்கள். இங்கிலாந்தில் சி.க்யூ.சி. என்று ஒரு கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது, முதியோர் இல்லங்களைச் சோதித்து நான்கு படிகளில் தரம் போட்டு, அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டுவிடும். நம் ஊரில் அந்த மாதிரிப் பொதுவான தரப்பட்டியல் கிடையாது. கூகுளில் எழுதுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்தான், உள்ளே படுத்திருக்கிறவர் எழுதுவதில்லை. ஆகவே சோதிக்கிற வேலை உங்கள் தலையில்தான்.

முதலில் காகிதத்தை முடித்துவிடுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் கீழ் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, சான்றிதழ் எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். தீயணைப்புத் துறைச் சான்றையும் சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவையும் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அந்த இடம் வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து அம்மாவை விட்டுவிட முடியாது.

உங்களுக்குச் சுற்றிக் காட்டியது தோட்டம், சாப்பாட்டுக் கூடம், ஒரு காலி அறை, பூஜை அறை, அவ்வளவுதான் இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று கேட்டு அங்கே போங்கள். அம்மா இன்று வாக்கரில் நடக்கிறார், நாளைக்கு அவர் படுக்கப் போவது அந்தக் கட்டிலில்தான். போட்டோ எடுக்காதீர்கள், யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள், வணக்கம் சொல்லிவிட்டு நின்று கவனியுங்கள். உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, நகத்தில் அழுக்கு இருக்கிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா அல்லது அலமாரி மேல் மூடி வைத்திருக்கிறார்களா, கண்ணாடி போடுகிறவர் முகத்தில் கண்ணாடி இருக்கிறதா, அது துடைத்திருக்கிறதா. காது மெஷினும் பல் செட்டும் இப்படிப்பட்ட இடங்களில் டப்பாவுக்குள்ளேயே கிடந்து வீணாகிப் போகும். அதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ஒரே ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டும் வேலை இருந்தால் முதலில் விட்டுப்போவது இவைதான்.

அங்கே இருக்கிற நர்ஸிடம் நேராகவே கேளுங்கள்: இப்போது யாருக்காவது படுக்கைப்புண் இருக்கிறதா, இங்கே வந்த பிறகு வந்ததா, வரும்போதே இருந்ததா? 'இரண்டு பேருக்கு இருக்கிறது, ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே புண்ணோடு வந்தார், இன்னொருவருக்கு இங்கேதான் குதிகாலில் வந்தது, இப்போது ஆறிக்கொண்டு வருகிறது' என்று ஒருவர் சொன்னால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வரும். 'எங்களிடம் இதுவரை ஒருவருக்கும் வந்ததே இல்லை' என்றால் சந்தேகம்தான் வரும். அசைய முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், ஏர் பெட் போட்டிருந்தாலும் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு குறிப்புத் தாள் வைத்திருப்பார்கள், அதைக் கட்டாயம் பாருங்கள். நீங்கள் மாலை நாலு மணிக்கு நிற்கிறீர்கள், தாளில் இரவு பத்து மணிக் கட்டம் வரை ஒரே பேனாவில் டிக் விழுந்திருக்கிறது என்றால் அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில். மெனு அட்டையை விடுங்கள், ஊட்டுகிறவரைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பெரியவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய் கொடுக்கிறாரா? அல்லது நின்றபடியே, போனில் ஒரு கண்ணும் கிண்ணத்தில் ஒரு கண்ணுமாக, சாய்ந்து படுத்திருப்பவர் வாயில் ரசம் சாதத்தைத் திணிக்கிறாரா? அப்படி ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும், பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற காரணங்களில் இது முக்கியமானது. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக மாலை ஆறரைக்கே இட்லி கொடுத்து முடித்துவிட்டு மறுநாள் எட்டரைக்கு டிபன் என்றால் நடுவில் பதினான்கு மணி நேரம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து, இரவில் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ போடுகிறவர் என்றால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடலாம். படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் தருகிறார்களா என்று கேட்பது சின்ன விஷயமாகத் தெரியலாம், வெட்கப்படாமல் கேளுங்கள்.

ராத்திரி யார் இருக்கிறார்கள் என்பதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 'இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கிறது' என்பார்கள். எத்தனை பேர், இந்த மாடியில், விழித்துக்கொண்டு? அதில் நர்ஸிங் படித்தவர் யார், டிப்ளமோவா, ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்பா, அல்லது வெள்ளைக் கோட்டு மட்டும்தானா? மூச்சுத் திணறல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போவார், உங்களுக்கு யார் போன் செய்வார்? கட்டில் பக்கத்தில் இருக்கிற அழைப்பு மணியை அழுத்திவிட்டு நின்று பாருங்கள், எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று.

அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு இடுப்பு உடைந்திருப்பதால் குளியலறையைத் தனியாகப் பார்க்க வேண்டும். கைப்பிடியை உங்கள் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பாருங்கள், துண்டு போடுகிற கம்பியையே கைப்பிடி என்று காட்டுகிற இடங்கள் உண்டு. வாசலில் படி இருக்கக் கூடாது, உள்ளே ஈரம் தேங்கக் கூடாது, இரவில் கட்டிலிலிருந்து டாய்லெட் வரை விளக்கு எரிய வேண்டும், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க வழி இருக்க வேண்டும்.

மறதிக்கு இந்த ஒரு கேள்வி போதும்: 'சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா, வீட்டுக்குப் போகணும், பால்காரர் வந்துவிடுவார் என்று வாசலுக்கு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?' மறதி நோய் இருப்பவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் இந்தத் தவிப்பு அதிகமாகும். 'கூடவே கொஞ்ச தூரம் நடப்போம், பால்காரரைப் பற்றியே பேசிக்கொண்டு திரும்பக் கூட்டி வருவோம்' என்று சொல்கிறவர் இந்த வேலையைச் செய்து பார்த்தவர். 'டாக்டரிடம் சொல்லி ஒரு மாத்திரை போட்டுவிடுவோம்' என்றால் வேண்டாம். வேலை செய்பவர்களில் இப்போது வெளிமாநிலத்தவர் நிறையப் பேர், அன்பாகவே பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் மறதி முற்றும்போது பிற்பாடு கற்ற மொழிகள் முதலில் நழுவிவிடும், தாய்மொழிதான் கடைசிவரை மிஞ்சும் என்பதால் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் தமிழ் பேசுகிற ஒருவராவது வேண்டும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. கோயம்புத்தூர் எதற்கு? உங்களுக்கும் தூரம், கும்பகோணத்துச் சொந்தக்காரர்களுக்கும் தூரம். கொஞ்சம் மங்கலான கட்டடமாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வாரா வாரம் போக முடிகிற இடத்தைப் பெங்களூர் பக்கமே தேடுங்கள், அல்லது சித்தி, மாமா யாராவது அடிக்கடி எட்டிப் பார்க்கிற மாதிரி தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பாருங்கள். ஆள் வந்து போகிற பெரியவரை எந்த இல்லத்திலும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்கள். அது நியாயமில்லைதான், ஆனால் நடப்பது அதுதான்.

கேள்வி: அப்பாவை (81) நான்கு மாதங்களுக்கு முன் ஒரு இல்லத்தில் சேர்த்தோம். சேர்க்கும்போது பேப்பர் படிப்பார், அரசியல் பேசுவார். இப்போது எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார், எழுப்பினால் குழறிப் பேசுகிறார், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. கேட்டால் 'வயசாச்சுல்ல சார்' என்கிறார்கள். இது வயதா, அல்லது இல்லத்தின் குறையா?
(வாசகர், மதுரை)

பதில்: நான்கு மாதத்தில் யாருக்கும் இப்படி வயதாகிவிடாது. இந்த வாரமே போங்கள்.

போனதும் எடை பார்க்கச் சொல்லுங்கள், சேர்த்த அன்று எழுதிய எடையோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தில் இருபதில் ஒரு பங்கோ, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கோ தானாகக் குறைந்திருந்தால் டாக்டர்கள் அதைக் கவலைப்பட வேண்டிய விஷயமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனாலே காரணம் தேட வேண்டும். சேர்த்தபோது எடையே எழுதவில்லை, மாதா மாதம் பார்ப்பதும் இல்லை என்றால் அதுவே உங்கள் கேள்விக்கு ஒரு பதில்.

அடுத்தது மாத்திரை. டப்பாவைக் காட்டச் சொல்லாமல், கொடுக்கிற மாத்திரைகளைக் குறித்துவைக்கும் தாளைக் கேளுங்கள், போட்டோ எடுத்துக்கொண்டு, சேர்க்கும்போது அப்பாவிடம் இருந்த டாக்டர் சீட்டோடு ஒப்பிடுங்கள். புதிதாக லோராசெபாம், குளோனசெபாம், குயட்டியாபின், ஒலான்சபின், ரிஸ்பெரிடோன் மாதிரி ஏதாவது சேர்ந்திருக்கிறதா? இருந்தால் யார் எழுதினார்கள், என்ன காரணத்துக்கு, உங்களிடம் ஏன் சொல்லவில்லை? இவை எல்லாமே டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதவை. சில பெரியவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு முறை எழுந்து கூப்பிடுகிறார் என்பதற்காக, ஷிப்ட்டில் ஆள் குறைவு என்பதற்காக, இவற்றைக் கொடுத்து ஆளை அமுக்கி வைப்பது அக்கிரமம். கடைசியில் சொன்ன மூன்றும் மனநோய்க்கான மருந்துகள். அந்த வகை மருந்துகள் மறதி நோய் இருக்கும் முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துவிட்டது. அதற்காக நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், லோராசெபாம் வகையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வெளியே ஒரு பொது மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ தாளைக் காட்டி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையில் ஒன்றும் இல்லை என்றால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தைராய்டு, நாள்பட்ட மலச்சிக்கல் என்று பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள், வேளைக்கு வேளை எடுத்துக் கொடுத்தால்தான் தண்ணீர் குடிப்பார்கள். தொற்று வந்தால் காய்ச்சல்கூட இல்லாமல் இப்படி மந்தமாகிப் படுத்துவிடுவதும் உண்டு. பல் செட் வாயில் இருக்கிறதா என்றும் பாருங்கள், எடை குறைவதற்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு.

வேட்டியை மாற்றிவிடும் சாக்கில் அப்பாவின் முதுகடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் பாருங்கள். நம் நிறத் தோலில் ஆரம்பப் படுக்கைப்புண் சிவப்பாகத் தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். மணிக்கட்டில் கட்டுப் போட்ட தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் மேலாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சண்டை போடாதீர்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அப்பா அவர்கள் கையில்தான் இருக்கப் போகிறார். எழுத்தில் கொடுங்கள், எடை, மாத்திரை, சாப்பிட்ட அளவு மூன்றையும் வாரத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். நல்ல இல்லமாக இருந்தால் உங்களைவிட அவர்கள்தான் பதறுவார்கள். மறுபடியும் 'வயசாச்சு' என்றால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: ரிடையர்மென்ட் கம்யூனிட்டியில் ஃபிளாட் வாங்குவது நல்லதா, டெபாசிட் கட்டி இல்லத்தில் சேர்வது நல்லதா? கணவருக்கு 70, எனக்கு 66, இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.
(வாசகி, சேலம்)

பதில்: இரண்டும் வேறு வேறு. ஃபிளாட் வாங்கினால் நீங்கள் வாங்குவது வீட்டை, கவனிப்பை அல்ல. கட்டியவர் ஒருவர், சமையலும் நர்ஸும் தருவது இன்னொரு நிறுவனம் என்று இருந்தால், அந்த நிறுவனம் விலகிப்போனால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் எந்தக் கணக்கில் ஏறும், உங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் அங்கே தங்க முடியுமா அல்லது வயது வரம்பு உண்டா, விற்றால் அவர்கள் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். இதைவிடப் பெரிய கேள்வி, உங்களில் ஒருவர் படுத்துவிட்டால் அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, வெளியே போகச் சொல்வார்களா என்பது. 'தானாக இயங்குபவர்களுக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது, ஒப்பந்தத்தை அதோடு வைத்துப் பார்த்துச் சொல்ல ஒரு வக்கீலுக்குக் கொடுக்கிற பணம் வீண் போகாது. புதுக் கட்டுமானம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணையும் சரிபாருங்கள்.

டெபாசிட் இல்லம் என்றால், இடையில் வெளியேறினாலோ ஒருவர் காலமானாலோ எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்று தேதியோடு எழுதியிருக்க வேண்டும். டயாப்பர், தனி ஆயா, பிசியோதெரபி எல்லாம் மாதக் கட்டணத்துக்குள்ளா வெளியிலா என்பதையும் எழுதி வாங்குங்கள், பில் எகிறுவது அங்கேதான். வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்து, 60 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், 74 வயது, மனைவி இல்லை. என் பென்ஷனில் நானே ஒரு இல்லத்தில் சேர விரும்புகிறேன். ஊர் எங்களைத்தானே பேசும் என்று மகனும் மருமகளும் தடுக்கிறார்கள். நான் என்ன பார்க்க வேண்டும்? வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டுப் போகலாமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, உடம்பு தெம்பாக இருக்கும்போதே நீங்களே தேடிப் போவதுதான் நல்லது, அவசரத்தில் மற்றவர்கள் கொண்டுபோய் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். முதலில் ஒரு மாதம் விருந்தினராகத் தங்கிப் பாருங்கள், அந்த மாதத்தில் மகனையும் மருமகளையும் வரச் சொல்லுங்கள், நேரில் பார்த்தால் அவர்கள் பயம் பாதி குறையும்.

நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் நாள் உங்கள் கையில் இருக்குமா என்பதை. கடைத்தெருவுக்குப் போய்வர யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா, அறைச் சாவி உங்களிடமா, ஏ.டி.எம். கார்டை ஆபீஸில் கொடுக்கச் சொல்கிறார்களா (கொடுக்காதீர்கள்), ராத்திரி பத்து மணி வரை படிக்க விளக்கு எரியலாமா, காலை ஐந்தரைக்குக் காபி குடித்துப் பழகியவருக்கு அது கிடைக்குமா. அங்கே இருப்பவர்களை 'வா, போ, உட்காரு' என்று ஏவுகிறார்களா, பெயர் சொல்லி மரியாதையாகப் பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வராண்டாவில் தனியாக உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், ஆபீஸ் ஆள் யாரும் கூட இல்லாமல். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பேசத் தயங்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு 'நல்லா பாத்துக்கறாங்க' என்று மட்டும் சொன்னால் அதையும் கவனியுங்கள்.

வீட்டை இப்போது எழுதாதீர்கள். இல்லம் பிடிக்காவிட்டால் திரும்பிப் போக உங்களுக்கு ஒரு இடம் வேண்டும். எழுதியே ஆக வேண்டும் என்றால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். அப்படிப் போட்டு, பின்னால் பார்க்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி உங்கள் பகுதி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மகன் நல்லவராகவே இருக்கட்டும், நிபந்தனை போடுவது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது.

கேள்வி: எங்கள் தெருவில் உள்ள ஒரு இல்லத்தில் வயதானவர்களைத் திட்டுவதும் அடிப்பதும் காதில் விழுகிறது. ஒரு பாட்டியை நாற்காலியில் துணியால் கட்டி வைத்திருந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். எனக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. நான் புகார் செய்யலாமா?
(வாசகி, பெயர் வேண்டாம்)

பதில்: தாராளமாகச் செய்யலாம், சொந்தமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. 14567 என்ற எண் முதியோருக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். இல்லத்தின் முகவரி, நீங்கள் பார்த்த நாள், நேரம், பார்த்தது என்ன என்று சொல்லுங்கள், கேள்விப்பட்டதைத் தனியாகவும் கண்ணால் பார்த்ததைத் தனியாகவும் சொல்வது நல்லது. அதையே எழுதி மாவட்ட சமூக நல அலுவலருக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும், அதை வைத்துத் தொடர்ந்து கேட்கலாம். அடிப்பதை நேரில் பார்த்தாலோ அலறல் கேட்டாலோ இதற்கெல்லாம் காத்திருக்காமல் 100 அல்லது 112-க்குப் போன் செய்துவிடுங்கள். பாட்டியைக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்த தேதியை இன்றே குறித்து வையுங்கள், விசாரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.